ஏட்டில் ஏறாத படைப்பணி

கோலசிலாங்கூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் மலாவாத்திக் குன்றும், 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டையும், கடலை நோக்கி நிற்கும் கலங்கரை விளக்கமுமே பலர் நினைவிற்கு வரும். பள்ளிப் பாடநூல்கள் பேசுவனவும் பெரும்பாலும் இவற்றையே. அக்குன்றிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் சாலைகளின் இருமருங்கும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் அடர்ந்திருந்தன. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோ, பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங் என்று தொடங்கி வடக்கே கோலகுபு பாரு வரை பரந்துகிடந்த தோட்டங்களில் தமிழ்மக்கள் லயங்களில் வாழ்ந்து உழைத்தனர். இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் என்று போற்றப்படும் தெனமாராம், 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரையால் உருவாக்கப்பட்டது. அத்துரை பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் தம் நாட்டின் உயரிய கோங்குர் பரிசையும் பெற்றார். துரையின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றது. அவருக்குக் காடழித்துக் கன்று நட்டவர்களின் பெயர்கள் தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் ஏட்டோடு நின்றன.

அச்செக்ரோலிலிருந்து ஒருநாள் பெயர் அடிக்கப்பட்டு, துப்பாக்கி ஏந்தி, சயாம் கடந்து பர்மாப் போர்முனைவரை சென்றவர்களும் மலாயாத் தோட்டங்களில் இருந்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த அவர்களுடைய படைப்பணி எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எழுதப்படாமற்போனதைத் திருத்தி எழுதுவிக்க அவர்கள் எதை எதையெல்லாம் காட்ட வேண்டியிருந்தது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

போர் இப்பகுதியின் வாசலுக்கே வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தபாருவில் இறங்கிய ஜப்பானியர், ஒரு மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையோரமாகப் படகுகளிலும் வரத் தொடங்கினர். 1942 ஜனவரித் தொடக்கத்தில் கோலசிலாங்கூர்க் கரையை நெருங்கிய படகுகள் பீரங்கித் தாக்குதலால் முதலில் விரட்டப்பட்டன. எனினும் ஓரிரு நாள்களில் ஜப்பானியர் கரையேறிச் சிலாங்கூர் ஆற்றின் வழியே பத்தாங் பெர்ஜுந்தை வரை முன்னேறினர். ரவாங்கில் நெடுஞ்சாலையை அறுத்துவிட்டால் வடக்கே போரிட்டுக்கொண்டிருந்த படைகள் பின்வாங்க வழியில்லாமற்போகும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைத் தடுக்க நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில் டோக்ரா வீரர்களும் இருந்தனர். ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்போரில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் நின்று மாண்ட இந்தியச் சிப்பாய்க்குப் படை எண் இருந்தது. பிறந்த ஊரும் தந்தை பெயரும் குறித்த ஏடு இருந்தது. அதனால்தான் கல்லறை அறியப்படாதவரின் பெயருங்கூடச் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்துச் சுவர்களில் பொறிக்கப்பட முடிந்தது. அச்சுவர்களில் உள்ள பெயர்கள் இருபத்துநான்காயிரத்துக்கும் மேல். ஏடு இருந்தால் கல்லும் பேசும். மறுபக்கத்தில் நின்றவர்க்கு அந்த ஏடுதான் இல்லை.

முதல் இந்திய தேசிய இராணுவம் பெரும்பாலும் சரணடைந்த சிப்பாய்களைக் கொண்டு மோகன்சிங் அமைத்தது. அது 1942 டிசம்பரில் கலைந்தது. தோட்ட மக்களைத் திரளாக ஈர்த்தது இரண்டாவது அமைப்பே. 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், 4ஆம் நாள் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்று, மறுநாளே படையைப் பார்வையிட்டு 'டில்லி சலோ' என முழங்கினார். அக்டோபர் 21இல் தற்காலிக சுதந்திர அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவிலிருந்து படையிற் சேர்ந்த குடிமக்களை ஏறத்தாழப் பதினெட்டாயிரம் பேர் என வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழருள்ளும் தோட்டத் தொழிலாளர் மிகுதி.

அவர்கள் ஏன் சேர்ந்தனர் என்ற வினாவுக்கு மேடைப்பேச்சில் கிடைக்கும் விடை எளியது. வரலாற்றில் கிடைக்கும் விடை அவ்வளவு எளியதன்று. நாட்டுப்பற்று இருந்தது, நேதாஜியின் சொல்லுக்கு இருந்த ஆற்றலும் மெய். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு வாழ்ந்த காலம் அது என்பதும், 1942 நடுவில் தொடங்கிய சயாம் மரண இரயில்வேக்குத் தோட்டம் தோட்டமாக ஆள்பிடித்துச் சென்றனர் என்பதும் அதே அளவு மெய். படையிற் சேர்ந்தவனைச் சயாமுக்கு இழுத்துச் செல்லமாட்டார்கள் என்ற எண்ணத்தில் பெயர் கொடுத்தவரும் உண்டு. இதைக் காட்டி அவர்களைப் போலி வீரர் எனத் தள்ளுதல் நேர்மையாகாது. எந்த நாட்டுப் படையிலும் பசியும் அச்சமும் வேலையின்மையும் ஆள்சேர்க்கும் முகவர்களாகவே இருந்துவந்துள்ளன. அதனால் எவருடைய படைப்பணியும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டதில்லை.

முகாமில் அவர்களுக்கு முதல் தடை மொழியாக வந்தது. கட்டளைகள் இந்துஸ்தானியில் வழங்கப்பட்டன. இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கமே படையில் நிலவியது. தமிழ்ப்பெயர் ஒன்று, தமிழறியாத எழுத்தர் ஒருவரின் காதில் விழுந்து ரோமன் எழுத்தில் ஏறும்போது என்ன வடிவம் கொள்ளும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ழகரம் ஒருவரிடம் லகரமாகும், மற்றொருவரிடம் சகரத்தை ஒட்டி நிற்கும். முனியாண்டி, மாரிமுத்து, பெருமாள் போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பத்துப் பேருக்கு இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்பதா, பின்னே நிற்பதா என்பதில் ஒழுங்கில்லை. பிறப்புச் சான்று இல்லாத இளைஞன் வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பான். ஆகவே தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், படைப்பட்டியலில் மற்றொரு பெயர், போருக்குப்பின் எடுத்த அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என ஒரே மனிதன் மூவராகிவிடுவது இயல்பாயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, இம்மூவரும் ஒருவரே என்று அதிகாரியின் முன் மெய்ப்பிக்கும் சுமை அம்மனிதன் தலைமேல் விழுந்தது.

பர்மாவில் இவர்கள் கண்ட போர் கொடியது. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் தோல்வியில் முடிந்தது; குண்டுக்கு இரையானவரைவிடப் பசிக்கும் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரையானவர் மிகுதி. மலாயாத் தமிழரின் பங்கு தெளிவாகத் தெரியும் இடம் அதற்கடுத்த கட்டம். நான்காம் கொரில்லாப் படையான நேரு படைப்பிரிவில் மலாயாவிலிருந்து வந்த தமிழ் இளைஞர் பலர் இருந்தனர். குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையில் அப்பிரிவு 1945 பிப்ரவரியில் நியாங்கூ, பகான் பகுதியில் ஐராவதி ஆற்றின் கரையைக் காத்து நின்றது. எதிரில் வந்தது விமானமும் தாங்கிகளும் கொண்ட பெரும்படை. இவர்களிடம் இருந்ததோ துப்பாக்கியும் சில இயந்திரத் துப்பாக்கிகளுமே. கரை வீழ்ந்தது, பலர் சரணடைந்தனர், எஞ்சியோர் போப்பா மலைப் பக்கம் பின்வாங்கினர். சரணடைந்ததை மறைத்து எழுதுவோர் உளர், மறைக்க வேண்டியதில்லை. பல மாதம் முன்னர்வரை மரம் சீவிய கைகள் அவை.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் நேதாஜியும் ஜான்சி ராணிப் படையினரும் ரங்கூனைவிட்டு வெளியேறினர். நகரின் அமைதியைக் காக்க ஏறத்தாழ ஐயாயிரம் வீரர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவரான மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் நிறுத்தப்பட்டனர். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் நகருள் புகுந்தபோது இவர்கள் அமைதியாகச் சரணடைந்தனர். வெளியேறுமுன் அலுவலகங்களின் தாள்கள் பல எரிக்கப்பட்டன. எதிரியின் கையில் பெயர்ப்பட்டியல் சிக்கக்கூடாது என்பதே நோக்கம். பகைவனிடமிருந்து தோழனைக் காக்க மூட்டிய தீ, பிற்காலத்தில் அத்தோழனுக்கு வேண்டிய சான்றையும் சேர்த்தே உண்டது.

இராணுவம் வழங்கிய விருதுகளின் கதியும் இதுவே. ஷேர்-எ-ஹிந்த், சர்தார்-எ-ஜங், வீர்-எ-ஹிந்த், தம்கா-எ-பகாதுரி எனத் தற்காலிக அரசு பதக்க வரிசை ஒன்றை வகுத்திருந்தது. ஆனால் ஒரு பதக்கம் மதிப்புப் பெறுவது அதை வழங்கிய அரசு நிலைத்திருந்து, பெற்றவரின் பெயரைத் தன் ஏட்டில் காத்து வைப்பதால். வழங்கிய அரசே மறைந்தபின், அப்பதக்கங்களுக்கு இந்தியத் தரைப்படையின் பதிவேட்டிலும் இடமில்லை. மலாயா அரசின் பதிவேட்டிலும் இடமில்லை.

பிரிட்டிஷார் தம் கைக்குள் வந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூவகையாகப் பிரித்தனர். முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து மாறியவர்களுக்கே இப்பிரிவினை பெரிதும் பொருந்தியது. வெள்ளை எனப்பட்டோர் பணிக்குத் திரும்பினர். மற்றவர் நிலுவைச் சம்பளத்தை இழந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்கேனும் நீக்கப்பட்டதற்கான தாள் ஒன்று மிஞ்சியது! தோட்டத்திலிருந்து நேரே சென்றவனுக்கு நீக்க வேண்டிய பழைய பணியே இல்லை. ரங்கூன் சிறையில் சில மாதம் அடைபட்டு, விசாரிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டு வந்து இறங்கியவன் மீண்டும் தோட்டத்துக் கிராணியிடம் பெயர் கொடுத்தான். மலாயா முகாம்களிலேயே பயிற்சியில் இருந்தவர்களில் பலர், 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் கலைந்து வீடு சேர்ந்தனர். செப்டம்பரில் பிரிட்டிஷார் மோரிப் கடற்கரையில் இறங்கினர். சிங்கப்பூர்க் கடற்கரையில் அவ்வாண்டு ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டு எழுந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தை அவர்கள் அம்மாதமே தகர்த்தெறிந்தனர். இச்செய்தி பரவிய நாட்டில், சீருடைப் படத்தையும் சங்கத்து உறுப்பினர் சீட்டையும் வீட்டில் வைத்திருக்க எவர் துணிவர்?

வட சிலாங்கூர் மக்களுக்கு அவ்வச்சம் விரைவில் குறைவதாயில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்றுநராக இருந்து, பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச் மாதத்தில் ரவாங்கிற்கு அருகிலுள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தில் கைதானார். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பாகி, மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பிற்கால அரசியல் வேறு. இராணுவத் தோழர் எல்லாரும் அவ்வழியிற் சென்றவரும் அல்லர். ஆயினும் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பழைய வீரர்களுக்கு அத்தூக்குக் கயிறு சொன்ன செய்தி ஒன்றே: வாயைத் திறவாதே. அவசரகாலத்தில் தோட்டங்கள் முள்வேலிக்குள் வந்தன. போர்க்காலத்தில் எங்கிருந்தாய் என்ற கேள்விக்குச் 'சயாமில்' என்று சொல்லிவிடுதல் பாதுகாப்பான விடையாயிற்று.

இந்தியா விடுதலை பெற்றபின்னும் நிலைமை உடனே மாறவில்லை. செங்கோட்டை வழக்கின்போது நாடு முழுதும் கொண்டாடிய வீரர்களை விடுதலை பெற்ற இந்தியாவின் படை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளிவிழா ஆண்டான 1972இல், ஆகஸ்ட் 15ஆம் நாள் முதல், விடுதலைப் போராட்ட வீரர்க்கான மத்திய ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்கினர். முதலில் ஆண்டு வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு மட்டுமே அது உரியதாயிருந்தது. 1980 ஆகஸ்டில் வருமான வரம்பு நீக்கப்பட்டு, 'சம்மான்' என்ற சொல் திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்தது. உதவித்தொகையாக இருந்தது மரியாதைத்தொகையாயிற்று. இவ்வேறுபாடு சிறிதன்று. மலாயாவைவிட்டு இராமநாதபுரத்துக்கும் தஞ்சைக்கும் திருச்சிக்கும் திரும்பிவிட்ட பழைய தோட்டத் தொழிலாளர்க்கு, தாம் வீரர் என்று அரசின் முத்திரையுடன் ஒரு தாள் கிடைக்கும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது.

வாய்ப்பு வந்தது, வாசல் குறுகியதாயிருந்தது. திட்டம் அளந்தது படைப்பணியை அன்று, சிறைவாசத்தை. ஆறு மாதமேனும் சிறையிலோ காவலிலோ இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மூன்று மாதம். சிறைச் சான்று இல்லையேல், ஆவணம் கிடைக்கவில்லை என்பதற்கு அரசின் சான்றும், உடன் சிறையிருந்தவர் தரும் சான்றும் வேண்டும். உள்நாட்டில் மறியல் செய்து வேலூரிலோ திருச்சியிலோ சிறைபுகுந்தவருக்குப் பொருத்தமான அளவுகோல் இது. ஐராவதிக் கரையில் நின்றவனுக்கு இவ்வளவுகோல் விந்தையான விளைவைத் தந்தது: போரில் அவன் செய்தது கணக்கில் வாராது, பகைவன் அவனைப் பூட்டி வைத்த நாள்களே கணக்கில் வரும். முகாம் கலைந்து நேரே லயத்துக்குத் திரும்பியவனுக்கு அதுவும் இல்லை. ரங்கூன் சிறையின் ஏடு வேறொரு நாட்டில் இருந்தது. உடன் சிறையிருந்தவனோ கடலுக்கு அப்பால் கோலசிலாங்கூரில் பால்வாளி சுமந்துகொண்டிருந்தான்; அவன் சான்று தரத் தகுதியுடையவன் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு இறுதிநாளாக 1982 மார்ச் 31 குறிக்கப்பட்டிருந்தது. செய்தி சிற்றூர்களை எட்டிச் சான்று திரட்டுவதற்குள் நாள் கடந்துவிட்டவர் பலர்.

இக்கட்டை ஓரளவு தளர்த்தியவை நீதிமன்றங்கள். முகுந்த்லால் பண்டாரி வழக்கில் 1993இல் இந்திய உச்சநீதிமன்றம், இத்திட்டத்தின் நோக்கம் தியாகத்தைப் போற்றுவது என்றும், காலங்கடந்து வந்த விண்ணப்பம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தள்ளலாகாது என்றும் கூறியது. குர்தயாள் சிங் வழக்கில் 2001இல் அதே நீதிமன்றம் மற்றொன்றையும் தெளிவுபடுத்தியது: குற்றவழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது போன்ற கடுஞ்சான்றை முதிய வீரர்களிடம் எதிர்பார்த்தல் கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடியது என நம்பத்தக்க சான்று இருந்தால் போதும். இக்கருத்து நீதித்துறைக்கு மட்டும் உரியதன்று. எளிய மக்களின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் எடைபோட வேண்டிய சான்றும் இத்தகையதே. எனினும் தீர்ப்பு ஒன்று, அதைப் படிக்கும் எழுத்தர் மேசை மற்றொன்று. 2020ஆம் ஆண்டிற்கூட, ரங்கூன் சிறையில் இருந்த முதியவர் ஒருவர் தம் ஓய்வூதியத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

மலேசியாவிலேயே தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. குடியுரிமை பெற்ற நாட்டுக்கு அவர்கள் படைவீரர் அல்லர். வீரர் எனக் கருதக்கூடிய நாட்டுக்கு அவர்கள் குடிமக்கள் அல்லர். ஜான்சி ராணிப் படையின் துணைத்தலைவியாக விளங்கிய கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 2014இல் மறைந்தார். அவ்விருது அப்படையினர் அனைவருக்கும் கிடைத்த சிறப்பாகக் கருதத்தக்கதே. ஆனால் அம்மையார் படித்தவர்; நாட்குறிப்பு எழுதியவர்; பொதுவாழ்வில் நிலைத்தவர். அவரோடு வரிசையில் நின்ற பால்மரத் தொழிலாளிப் பெண்ணின் பெயர் விருதுப் பட்டியலுக்குச் செல்லும் வழி எங்கும் இல்லை. டில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் இந்திய தேசிய இராணுவ முதியவர் முதன்முறையாக இடம்பெற்றது 2019இல். வந்தவர் நால்வர், அனைவரும் தொண்ணூறைக் கடந்தவர்.

கோலசிலாங்கூர்ப் பகுதியில் சான்று தேடுவோர்க்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பெருந்தோட்டங்கள் சிறு பங்குகளாகிக் கைமாறின. எஞ்சியவற்றில் பல, பின்னாளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தன. அலுவலகம் மூடப்பட்டபோது செக்ரோல் ஏடுகளைக் காக்க எவருக்கும் கட்டளை இல்லை. ஊர்ப்பெயரும் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்குகிறது. பழைய கடிதத்தில் உள்ள ஊரை இன்றைய வரைபடத்தில் தேடும் பேரனுக்கு அது கிடைக்காது.

மிஞ்சியிருப்பவை சில. டில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய இராணுவம் பற்றிய கோப்புகள் உள்ளன. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்களின் குரலைப் பதிவு செய்து வைத்துள்ளது. தோட்டப்புற வீடுகளில் பெட்டியடியில் கிடக்கும் ஒரு பழைய நிழற்படம், கப்பலில் திரும்பிய நாளைக் குறித்த ஒரு தாள், ஊரிலிருந்து வந்த கடித உறை ஆகியனவும் சான்றே. அவற்றைக் கையிலெடுக்கும் மாணவன் முதலில் கேட்க வேண்டியவை: தாத்தாவை முகாமில் என்ன பெயரிட்டு அழைத்தனர்? எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து புறப்பட்டார்? உடன் சென்றவர் யார்? எந்த நிலையத்தில் இரயில் ஏறினர்? எந்த மாதம் திரும்பினார்?